விலாவுக்கு ஏறும் பெல்ட்

கேள்வி:

அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 38, எடை 82 கிலோ, உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். தொப்பை கொஞ்சம் உண்டு. ப்ரீஹீட்டர் டவரில் ஏறி இறங்குகிற வேலை என்பதால் சேஃப்டி பெல்ட் எனக்குப் புதிதில்லை. அதைப் போட்டுக்கொண்டு அரை நாள் நின்றாலும் ஒன்றும் தெரியாது. போன ஆடியில் நண்பர்களோடு ராமேஸ்வரம் போய் கைட் சர்ஃபிங் வகுப்பில் சேர்ந்தேன். கைட்டைக் கட்டுப்படுத்த வந்துவிட்டது. போர்டில் எழுந்து கொஞ்ச தூரம் போகவும் வந்துவிட்டது. ஆனால் அங்கே கொடுத்த இடுப்பு ஹார்னஸ், தண்ணீரில் இறங்கிய சிறிது நேரத்திலேயே மேலே ஏறி அக்குள் பக்கம் வந்து நின்றது. இரண்டு விலாவும் கன்றிப்போய், ஊர் திரும்பிய பிறகும் இருமினால் வலி. அடுத்த சீசனுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். இடுப்பில் கட்டுவதா, உட்காருகிற மாதிரி தொடையில் மாட்டுவதா? பேன்ட் சைஸ் 34. மீடியம் போதுமா, லார்ஜ் வேண்டுமா? விலை கூடியதை வாங்கினால் வலிக்காதா? ஆலையில் போடுகிற ஃபுல் பாடி ஹார்னஸிலேயே முன்பக்கம் ஒரு கொக்கி வைத்துத் தைத்துக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். விளையாட்டாகக் கேட்கவில்லை. வீட்டில் ‘பட்டம் விடுற வயசா இது’ என்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் சொன்னால் நல்லது.

– வாசகர், அரியலூர்

பதில்:

நண்பரின் யோசனையை முதலில் முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். ஆலையில் நீங்கள் போடுவது, ஆள் தவறி விழும் அந்த ஒரு நொடிக்காகச் செய்யப்பட்ட பொருள். முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் டி-வளையம் இழுத்துப் பிடிக்க, அந்த அதிர்ச்சி தொடைக்கும் இடுப்பெலும்புக்கும் பிரிந்து இறங்கும். விழுந்தவரை அதில் நெடுநேரம் தொங்கவிடக் கூடாது, தொடைப்பட்டை ரத்த ஓட்டத்தை நெருக்கிவிடும், சீக்கிரம் கீழே இறக்க வேண்டும் என்று உங்கள் பாதுகாப்பு வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தரநிலை அந்த வேலைக்குத்தான். அதில் வெளியாள் ஒருவர் ஊசி ஏற்றிவிட்டால் அதற்குப் பிறகு அதை நம்பி டவரில் ஏற முடியாது. கடலுக்கும் அது ஆகாது.

கடலில் எல்லாம் தலைகீழ். இழுப்பு முன்பக்கமாக, தொப்புளை ஒட்டி வரும். மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். ஆபத்து என்றால் அங்கே சாதனம் உங்களைப் பிடித்துக்கொள்ளக் கூடாது, கண நேரத்தில் விட்டுவிட வேண்டும். வெறும் இடுப்பு பெல்ட்டை ஆலைகளில் ஒதுக்கியதற்குக் காரணம், விழும்போது அது வயிற்றையும் முதுகுத்தண்டையும் சேர்த்து மடக்கும் என்பதுதான். கைட் சர்ஃபிங்கிலோ பெரும்பாலோர் கொக்கி மாட்டுவதே அந்த இடுப்பில்தான். அங்கே பின்பக்கம், இங்கே முன்பக்கம். அங்கே ஒரு நொடி, இங்கே ஒரு மாலை முழுக்க. ஆகவே, ‘பெல்ட் எனக்குப் பழக்கம்’ என்ற நம்பிக்கையை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பட்டையைத் தடவிப் பார்ப்பது, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பது, பக்கிளை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது ஆகிய உங்கள் ஆலைப் பழக்கங்களைக் கடலுக்கும் கொண்டு வாருங்கள். அவை எங்கள் மாணவர்களில் பலருக்கு இல்லை.

இப்போது பெல்ட் ஏன் ஏறியது என்று பார்ப்போம். அதைக் குறை சொல்வதற்கு முன், அந்த நேரத்தில் கைட் வானத்தில் எங்கே நின்றது என்று யோசித்துப் பாருங்கள். கற்றுக்கொள்கிற நாட்களில் எல்லாரும் கைட்டைத் தலைக்கு நேர் மேலே, கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டுதான் போர்டைத் தேடுவார்கள், காலில் மாட்டுவார்கள், விழுந்தால் மூச்சு வாங்குவார்கள். 20 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கைட்டின் கயிறுகள், அதாவது லைன்கள், அப்போது செங்குத்தாக நிற்கும். இழுப்பு முழுக்க மேல்நோக்கி. பெல்ட்டை மேலே போகவிடாமல் தடுக்க உங்கள் உடம்பில் என்ன இருக்கிறது? இடுப்பெலும்பு பெல்ட்டுக்குக் கீழே இருக்கிறது, அது தடுக்காது. நல்ல வளைவான இடுப்பு உள்ளவர்களுக்கு மேலே விலாக்கூடு விரிந்து வரும் இடத்தில் பெல்ட் கொஞ்சம் முட்டி நிற்கும். தொப்பை உள்ளவருக்கு அந்த வளைவு இல்லை. வயிற்றின் மேல் வழுக்கி, அதைத் தாண்டியதும் நெஞ்சுக்குக் கீழே சட்டென்று ஏறிவிடும். அங்கே அது அமுக்குவது கடைசி இரண்டு விலா எலும்புகளை. அவை முன்பக்கம் எதனோடும் சேராமல் நிற்பவை, அழுத்தம் தாங்காது. உங்களுக்குக் கன்றியது அங்கேதான் இருக்கும்.

நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குக் கைட் தலைக்கு மேலே நிற்பது அபூர்வம். சாய்வாக, அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதியில் நிற்கும். அவர் பின்னால் சாய்ந்து தன் எடையை அதற்கு எதிராகப் போடுவார். இழுப்பு பக்கவாட்டில், தாழ்வாக வருவதால் அதே பெல்ட் அவருக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். உங்களுக்கு அக்குளுக்கு ஏறிய பெல்ட்டை உங்கள் பயிற்சியாளர் கட்டியிருந்தால் அவருக்கு ஏறியிருக்காது. அதனால்தான், போர்டில் கொஞ்ச தூரம் மட்டும் போகத் தெரிந்த நிலையில் சொந்தமாக ஹார்னஸ் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. இன்றைய உங்கள் வலிக்கு எது மருந்தோ, அதுவே அடுத்த வருஷம் உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கும்.

உட்காரும் ஹார்னஸைத்தான் சொல்கிறேன். தொடைக்கு இரண்டு பட்டை, பின்னால் தொட்டில் மாதிரி துணி, கொக்கி தொப்புளுக்குக் கீழே. தொடைப்பட்டை இருப்பதால் மேலே ஏற வழியில்லை. இழுப்பு உடம்பின் எடை மையத்துக்குப் பக்கத்தில் வருவதால் பயமும் குறையும், நிமிர்ந்து நிற்கவும் வரும். தொப்பை உள்ளவர்களுக்கும் விலாவில் அடிபட்டவர்களுக்கும் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். குறை என்ன? தொடையின் உள்பக்கம் உப்புத் தண்ணீரும் மணலும் சேர்ந்து உராயும். கால் அகட்டுவது கொஞ்சம் கட்டுப்படும். குதிக்க, திரும்ப, உடம்பை முறுக்கப் பழகிய பிறகு அது உங்களை நாற்காலியில் உட்கார வைத்தே வைத்திருக்கும். முதுகு வலிக்காரர்கள் விஷயத்தில் பயிற்சியாளர்களிடையே இன்றும் சண்டைதான். இடுப்பு ஹார்னஸ் கீழ்முதுகைத் தாங்குகிறது என்பார் ஒருவர், உட்காரும் ஹார்னஸ்தான் முதுகை இழுக்காது என்பார் இன்னொருவர். இரண்டும் இரண்டு பேருடைய முதுகைப் பொறுத்து உண்மை.

ஆக, அடுத்த பயணத்தில் வகுப்பு நடத்துகிறவர்களிடம் உட்காரும் ஹார்னஸ் கேட்டு வாங்கிப் போடுங்கள். ராமேஸ்வரமோ, தூத்துக்குடியோ, கடல் தாண்டி இலங்கையின் கற்பிட்டியோ, எங்கே போனாலும் பயிற்சிப் பள்ளிகளில் அது ஒன்றிரண்டு கிடக்கும். பலர் கேட்பதில்லை, ‘கத்துக்குட்டி மாதிரி தெரியும்’ என்ற கூச்சம். கற்கிறவர் கற்கிறவர் மாதிரி தெரிந்தால் என்ன குடி முழுகிவிடும்? காற்றை எதிர்த்து மேலேறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர எப்போது முடிகிறதோ அப்போது இடுப்பு ஹார்னஸ் வாங்குங்கள். அதற்குள் பள்ளியில் இருக்கும் நாலைந்து விதத்தையும் கட்டிப் பார்த்திருப்பீர்கள். எது ஏறாமல் நின்றதோ அதன் கம்பெனிப் பெயரையும் உள்பக்கத் துணிச் சீட்டில் இருக்கும் அளவையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த விளம்பரத்தை விடவும் அந்தப் படம் உதவும்.

இப்போதே வாங்கியாக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், தொடைப்பட்டை தனியாக மாட்டிக் கழற்றக்கூடிய இடுப்பு ஹார்னஸாகப் பாருங்கள். பழகப் பழகப் பட்டையைக் கழற்றிவிடலாம்.

அளவு விஷயத்தில் பேன்ட் சைஸை மறந்துவிடுங்கள். நம் ஊர் ஆண்கள் பேன்ட்டைப் போடுவது தொப்பைக்குக் கீழே. அங்கே 34 அங்குலம் இருக்கிறவருக்குத் தொப்புள் மட்டத்தில் 38 இருக்கும், சென்டிமீட்டரில் ஏறக்குறைய 97. ஹார்னஸ் உட்காருவது தொப்புள் மட்டத்தில். தையற்காரர் டேப்பை வாங்கி, கடலில் போடும் லைக்ரா சட்டையைப் போட்டுக்கொண்டு, வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சு விட்ட நிலையில் சுற்றளவு எடுங்கள். கண்ணாடி முன் நின்று அளந்தால் வயிறு தானாக உள்ளே போய்விடும். வீட்டில் வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். உட்காரும் ஹார்னஸ் என்றால் புட்டத்தின் அகலமான இடத்தையும் தொடைச் சுற்றளவையும் சேர்த்து எடுக்க வேண்டும். பிறகு அந்தந்த கம்பெனியின் அளவு அட்டவணையைப் பாருங்கள். ஒருவருடைய மீடியம் இன்னொருவருக்கு லார்ஜ். நெதர்லாந்தின் மிஸ்டிக்குக்கும் அமெரிக்காவின் ரைடு எஞ்சினுக்கும் ஒரே எழுத்து ஒரே அளவைக் குறிக்கும் என்று எண்ண வேண்டாம். இரண்டு அளவுக்கு நடுவில் நீங்கள் விழுந்தால் சின்னதை எடுங்கள். உள்ளே இருக்கும் நுரைத்துணி தண்ணீரில் ஊறி, சில வாரம் உழைத்தால் இளகும். பெரியதை இறுக்கவோ ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையை முன்பக்கம் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கொக்கி பதித்த எஃகுத் தகடு இருக்கிறதே, ஸ்ப்ரெடர் பார், அதன் வேலை இழுப்பை இரண்டு பக்கமும் விரித்துக் கொடுப்பது. விலாவை இரண்டு பக்கமிருந்தும் நசுக்காமல் காப்பது அதன் அகலம்தான். முழுசாக இறுக்கிய பிறகும் தகட்டின் முனைக்கும் பெல்ட்டின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். விளிம்பு வந்து தகட்டில் முட்டிவிட்டால் அந்த ஹார்னஸ் உங்களுக்குப் பெரிது. எவ்வளவு இழுத்தாலும் இனி இறுகாது. உங்களுக்குக் கொடுத்த வாடகை ஹார்னஸ் அப்படித்தான் முட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். மாறாக ஒரு சாண் இடைவெளி விழுந்தால் சின்னது, அல்லது தகடு குட்டை. பல கம்பெனிகள் ஒரே ஹார்னஸுக்கு இரண்டு மூன்று நீளத்தில் தகடு விற்கின்றன. ஹார்னஸை மாற்றுவதற்கு முன் தகட்டை மாற்றிப் பார்த்தாலே சிலருக்குச் சரியாகிவிடும்.

கட்டுகிற முறையும் பாதிக் காரணம். கொஞ்சம் முன்னால் குனிந்து, ஹார்னஸின் கீழ் விளிம்பை இடுப்பெலும்பின் மேல் அழுத்தி உட்கார வைத்து, முதலில் உள்பக்கத்து வெல்க்ரோவை இறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் தகட்டை மாட்டி வாரை இழுப்பது. நேரே நின்றுகொண்டு வெளிவாரை மட்டும் இழுக்கிறவர்களுக்குப் பெல்ட் ஆரம்பத்திலேயே இரண்டு அங்குலம் மேலே உட்கார்ந்துவிடும். கரையில் இறுக்கியது தண்ணீரில் தளரும். இடுப்பளவு தண்ணீருக்குப் போனதும் நின்று மறுபடி ஒரு இழுப்பு இழுங்கள். ஆலையில் தொடைப்பட்டைக்கு விரித்த கை நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக் கூடாது என்று சோதிப்பீர்களே, இடுப்பு ஹார்னஸுக்கு அந்தக் கணக்கு தளர்ச்சி. விரல் நுனி கஷ்டப்பட்டு நுழைந்தால் போதும். ஆழ்ந்த மூச்சு மட்டும் தடைபடக் கூடாது.

லைஃப் ஜாக்கெட்டையும் கவனியுங்கள். படகுச் சவாரியில் கொடுக்கும் நீளமான ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டு அதன் மேல் ஹார்னஸைக் கட்டினால் அது ஏறாமல் என்ன செய்யும்? இடுப்புக்கு மேலேயே முடியும்படி வெட்டப்பட்ட, கைட்டுக்கான மிதவைச் சட்டை தனியாக உண்டு. அதைக் கேளுங்கள்.

இனி நான் மிக முக்கியம் என்று நினைக்கும் விஷயம். ஹார்னஸைக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்ப்பதால் எதுவும் தெரியாது, தொங்கிப் பார்க்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் இதற்குக் கடை கிடையாது. ஆன்லைனில்தான் வாங்குவீர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியும் சேரும். திருப்பி அனுப்பும் விதியைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பொருள் வந்ததும் நனைக்காதீர்கள். வீட்டில் ஊஞ்சல் கொக்கி இருந்தால் அதுதான் உங்கள் சோதனைக்கூடம். மின்விசிறிக் கொக்கியில் முயல வேண்டாம், அது ஒரு ஆளுக்குப் போட்டதில்லை. ஆலையில் சுமை தூக்கப் பயன்படும் நல்ல பட்டையோ தடித்த கயிறோ கொக்கியிலிருந்து இறக்கி, ஹார்னஸ் கொக்கியில் மாட்டி, ஒரு ஸ்டூல் மேல் நின்று மெல்லக் காலை எடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். கைட் தலைக்கு மேல் நிற்கும் நிலை இதுதான், ஒரு ஹார்னஸுக்கு வரக்கூடிய கடுமையான சோதனை. ஏறக் கூடியது என்றால் ஒரு நிமிஷத்துக்குள் ஏறிவிடும். கீழ் விளிம்பு எத்தனை விரல் மேலே போனது என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஒரு விரல் போனால் பரவாயில்லை, நாலு விரல் என்றால் திருப்பி அனுப்பலாம்.

அடுத்து கயிற்றைக் கேட் தூணிலோ வேப்பமரத்திலோ தலைக்கு மேல் உயரத்தில் கட்டி, கொக்கியை மாட்டிக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடித்துப் பின்னால் சாயுங்கள். இது ஓட்டும் நிலை. கால் மணி நேரம் அப்படியே இருந்து பாருங்கள், தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முதல் ஐந்து நிமிஷத்தில் எல்லா ஹார்னஸும் சொகுசாகத்தான் இருக்கும். பத்தாவது நிமிஷத்தில்தான் ஒரு மூலை உறுத்த ஆரம்பிக்கும். கழற்றியதும் சட்டையைத் தூக்கித் தோலைப் பாருங்கள். கையகலத்துக்குப் பரவலாக லேசான சிவப்பு இருந்தால் சுமை பிரிந்து இறங்கியிருக்கிறது. நூல் பிடித்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தால் அந்த விளிம்பு உங்களைக் கடிக்கிறது. கடலில் அந்தக் கோடுதான் புண்ணாகும்.

விலை கூடியது வலிக்காதா என்று கேட்டீர்கள். விலை ஏற ஏறக் கிடைப்பது பெரும்பாலும் முதுகில் இருக்கும் கெட்டி ஓடு. கார்பன் இழை, கண்ணாடி இழை மாதிரி பொருள்களில் செய்த அந்த ஓடு வளையாது, ஆகவே இழுப்பு பக்கங்களை நெருக்காமல் முதுகு முழுக்கப் பரவும். உங்கள் முதுகின் வளைவும் ஓட்டின் வளைவும் ஒத்துப்போனால் அதைப் போல சுகம் கிடையாது. ஒத்துப்போகாவிட்டால், ஒரு மாட்டுக்குப் பொருந்திய நுகத்தடி இன்னொரு மாட்டின் கழுத்தைப் புண்ணாக்குவது போலத்தான். எவ்வளவு இழைத்த மரமாக இருந்தால் என்ன? மென்மையான ஹார்னஸ் யாருக்கும் ஓரளவு பொருந்தும், ஆனால் இழுப்பு கூடும்போது விலாவைக் கட்டிப்பிடிக்கும். உங்கள் உடம்புக்கு நடுத்தரமான கெட்டித்தனம் போதும் என்பது என் கணிப்பு. கையில் அமுக்கிப் பார்த்து ‘மெத்தை மாதிரி இருக்கிறது’ என்று மட்டும் எதையும் வாங்காதீர்கள்.

பொருந்தாத ஹார்னஸ் வலியோடு நின்றுவிடாது, ஆபத்தும் அதில் இருக்கிறது. கைட்டை விடுவிக்கும் குயிக் ரிலீஸ், கொக்கியில் மாட்டியிருக்கும் சிக்கன் லூப் என்ற வளையத்தில் இருக்கிறது. ஹார்னஸ் நெஞ்சுக்கு ஏறினால் அதுவும் தாடைக்குக் கீழே வந்துவிடும், கை தேடும் இடத்தில் இருக்காது. மூச்சு முட்டுகிற நேரத்தில் தேட அவகாசமும் இருக்காது. ஊஞ்சல் கொக்கிச் சோதனை முடிந்ததும், காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடிக் கை நேரே கொக்கி இருக்கும் இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு ஸ்பேனரைத் தேடி எடுக்கிறவர் நீங்கள், இது வந்துவிடும். ஹார்னஸில் லைன் வெட்டும் சின்ன வளைகத்திக்கு ஒரு பை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். பை இருந்து கத்தி இல்லாமல் போகிறவர்களே அதிகம்.

ஒரு சின்ன எச்சரிக்கை, உங்கள் ஊருக்கென்றே. ஹார்னஸை ஆலைக்குக் கொண்டுபோகும் பையில் போட்டு வைக்காதீர்கள். சிமென்ட் தூள் வெல்க்ரோவின் முள்ளுக்குள் இறங்கி, ஈரம் பட்டால் அங்கேயே கெட்டிப்படும். பிறகு வெல்க்ரோ பிடிக்கிற மாதிரி இருக்கும், இழுப்பு வந்ததும் பிரியும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டுக் காய வையுங்கள். அரியலூர் சித்திரை வெயிலில் கார் டிக்கியில் கிடந்தால் பசை விட்டுப்போய், முதுகு ஓடும் துணியும் தனித்தனியாகப் பிரிந்துபோகும்.

விலா வலி இப்போதும் இருந்தால், ஆழ மூச்சு விடும்போது குத்தினால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். விலாவில் விரிசல் இருந்தால் எந்த ஹார்னஸும் உதவாது, ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆடியில் வீசும் கச்சான் காற்று அடுத்த வருஷமும் அடிக்கும். மார்கழி, தையில் வாடைக்காற்றும் இருக்கிறது.

வீட்டுக்குச் சொல்ல: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பட்டம் பதக்கப் போட்டி. மார்சேய் கடலில் நடந்தது, சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் 17 வயதில் வெண்கலம் வாங்கினார். ‘பதினேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் என்ன சம்பந்தம்’ என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. ‘அரியலூர்க்காரனுக்குக் கடல் எதுக்கு’ என்று கேட்டால் மட்டும் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். டைனோசர் காலத்தில் உங்கள் ஊரே கடலடிதான். ஆலையில் நீங்கள் அரைக்கிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனது.

கேள்வி:

பெரம்பலூரில் ஆசிரியையாக இருக்கிறேன். நானும் என் 12 வயது மகளும் கோடை விடுமுறையில் கைட் சர்ஃபிங் கற்க ஆசைப்படுகிறோம். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, 47 கிலோ. மகள் 31 கிலோ. பெண்களுக்கென்று தனி ஹார்னஸ் உண்டா? எந்த உடை மேல் கட்டுவது?

– வாசகி, பெரம்பலூர்

பதில்:

உண்டு சகோதரி. பெண்களுக்கான இடுப்பு ஹார்னஸில் கீழ்ப்பக்கம் இடுப்பு விரிவுக்கு இடம் விட்டு, நடுவில் ஒடுக்கித் தைத்திருப்பார்கள். உயரமும் குறைவு. உங்கள் உயரத்துக்கு அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். ஆண்கள் ஹார்னஸில் மிகச் சின்ன அளவை எடுத்தால் சுற்றளவு பொருந்தலாம், ஆனால் மேல் விளிம்பு மார்புக்கூட்டில் இடிக்கும், உட்கார்ந்தால் கீழ் விளிம்பு தொடையில் இடிக்கும். கட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள், இரண்டு இடியும் உடனே தெரிந்துவிடும். தகடும் குறுகலானதாக இருக்க வேண்டும். அகலத் தகட்டின் முனை இடுப்பெலும்பில் போய்க் குத்தும்.

உடைக்கு முழுக்கை லைக்ரா சட்டையும் கணுக்கால் வரை ஒட்டிய லெகிங்ஸும் போதும், வெயிலுக்கும் நல்லது. சுடிதார் பேன்ட் மட்டும் வேண்டாம். துணி கனப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நாடா முடிச்சு சரியாகத் தகட்டுக்குக் கீழே வந்து உட்காரும். அரை மணி நேரம் அந்த முடிச்சின் மேல் கைட் இழுத்தால் வயிற்றில் நாணயம் அளவுக்குக் கருப்பாகக் கன்றிவிடும். முடிச்சும் ஜிப்பும் பித்தானும் இல்லாத, இடுப்பில் தடித்த தையல் இல்லாத உடையாக இருக்கட்டும். கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு, மேலே தொப்பியோ ஹெல்மெட்டோ போடுங்கள். பின்னல் தொங்கினால் ஹார்னஸின் பின்பக்கக் கைப்பிடியில் சிக்கும்.

மகளுக்கு இடுப்பு ஹார்னஸ் வேண்டாம். அந்த வயதில் இடுப்பு நேராக இருக்கும், எதைக் கட்டினாலும் ஏறும். குழந்தைகள் அளவில் உட்காரும் ஹார்னஸ் இருக்கிறதா என்று பதிவு செய்வதற்கு முன்பே போனில் கேளுங்கள். 31 கிலோவுக்கு ஏற்ற சின்ன கைட்டும், பக்கத்திலேயே நின்று ஹார்னஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும் பயிற்சியாளரும் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ‘பெரியவங்க சைஸையே இறுக்கிக் கட்டிடலாம், ஒண்ணும் ஆகாது’ என்று பதில் வந்தால், அந்த விடுமுறையில் நீங்கள் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மகளுக்கு மாலையில் ஈர மணலில் நின்று விடுகிற, ஹார்னஸ் தேவைப்படாத சின்னப் பயிற்சிக் கைட் ஒன்றைப் பள்ளியில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். காற்று எங்கே இழுக்கும், எங்கே விடும் என்பது கைக்குப் பழகிவிட்டால், ஹார்னஸ் பொருந்தும் உயரம் வரும்போது பாதிப் பாடம் முடிந்திருக்கும்.